நீச்சல் குளத்துக்கு என்ன கலர்?

மேடவாக்கத்தில் பெரியப்பா வீட்டுக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல் இருந்த இடத்தில், நீச்சல் குளம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. 2019 ஜூனில் இதே வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவன் நான். பாட்டிக்கும் அதே ஞாபகம்தான். "குடிக்கத் தண்ணி இல்லாம கெடந்த ஊருல கூத்தடிக்கக் குளமாடா?" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம்.

நான் பாட்டி கட்சி. ஆனால் எனக்கு ஃபோன் வந்தபோது பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. "நீதான் ஆர்க்கிடெக்சர் படிக்கிறியே, உள்ள என்ன கலர் டைல்ஸ் போடலாம்னு சொல்லு."

ஐந்து வருஷப் படிப்பில் இதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லித் தந்ததில்லை என்பதைச் சொல்லாமல், சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

போனால் அண்ணன் (பெரியப்பா மகன்) ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறான். கருஞ்சாம்பல். பாலித் தீவில் ஏதோ ரிசார்ட்டில் எடுத்த போட்டோ ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் படம் அழகாகத்தான் இருந்தது. கரிய தண்ணீர், அதில் அப்படியே வானம், இரண்டு தென்னை மரம். அண்ணிக்குப் பச்சை; கேரளத்து வீட்டுக் குளம் மாதிரி வேண்டுமாம். பெரியம்மா மட்டும், "அழுக்கு தெரியாத கலரா போடுங்கப்பா" என்றார்.

அண்ணன் சொன்ன காரணங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்த வீட்டு போர் தண்ணீரில் இரும்பு ஜாஸ்தி. பக்கெட்டில் பிடித்து குளோரின் போட்டால் கொஞ்ச நேரத்தில் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். கரைந்திருக்கும் இரும்பு குளோரின் பட்டதும் துருவாக மாறுவதால் அப்படி. வெள்ளை டைல்ஸ் போட்டால் இடுக்கில் இருக்கும் கிரவுட் முழுக்கக் காவிக்கறை ஏறும். கறுப்பில் தெரியாது.

தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் பச்சையாக மாறியது ஞாபகம் இருக்கலாம். தவறுதலாக ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதில் குளோரின் செத்துப்போய், பாசி வளர்ந்துவிட்டது. உலகமே டிவியில் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம், பக்கத்துக் குளம் நீலமாக இருந்ததும் இது பச்சையாகத் தெரிந்ததும். அண்ணி கேட்ட பச்சை டைல்ஸில் இதே நடந்தால் நாலு நாள் கழித்துக் காலில் வழுக்கும்போதுதான் தெரியும்.

இதையெல்லாம் சொன்னேன். "தியரி பேசாதே" என்றான் அண்ணன்.

நல்லவேளை, கையிலேயே ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் கசிவு பார்க்க மேஸ்திரி தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டிருந்தார். 20 அடிக்கு 10 அடி, ஆழம் 4 அடி. கணக்குப் போட்டால் சுமார் 22,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு. (இந்தக் கணக்கைப் பாட்டி காதில் படாமல் போட்டோம்.) உள்ளே வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அதன் நிறம் கருஞ்சாம்பல்! அண்ணன் கேட்ட குளம் செலவில்லாமல் கண் முன்னால் நின்றது.

அண்ணன் மகனுக்கு நாலு வயசு. வாண்டுக்கென்று அவசரப்பட்டு வாங்கி வைத்திருந்த நீல நிற நீச்சல் உடுப்புக்குள் மணலையும் ஜல்லியையும் அடைத்துக் கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் குளத்தில் போட்டேன். சாயங்காலம் நாலு மணி. எல்லோரும் காபி குடிக்கும் பின்கட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, "அந்த டிரஸ் எங்கே கிடக்கு, சொல்லுங்க" என்றேன்.

ஒருவராலும் முடியவில்லை. வேப்பமரம் தெரிகிறது, மேகம் தெரிகிறது, எதிர்வீட்டு மாடியில் காயும் புடவைகூடத் தெரிகிறது. அடியில் கிடப்பது தெரியவில்லை. அண்ணன் எழுந்து கரை வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ நிழல் மாதிரி இருக்கு என்று இடத்தை மாற்றிச் சொன்னான்.

இதில் மாயம் எதுவும் இல்லை. தண்ணீரின் மேல் செங்குத்தாக விழும் வெளிச்சத்தில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும். கோணம் சாயச் சாய அது ஏறும். திண்ணையில் உட்கார்ந்தவரின் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து 4 அடி உயரத்தில், குளத்தின் நடு 22 அடி தள்ளி. அந்தக் கோணத்தில் வான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேற்பரப்பிலேயே பட்டுக் கண்ணுக்கு வந்துவிடும். அடித்தளம் வெளிறி இருந்தால் அங்கிருந்தும் நிறைய வெளிச்சம் திரும்பி வந்து இதோடு போட்டி போடும். கறுப்பாக இருந்தால் போட்டியே கிடையாது. குளம் கண்ணாடி ஆகிவிடும். பாலி போட்டோவின் அழகும் இதுதான்.

பெரியப்பா அதுவரை எதுவும் பேசவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கல்லுக்குட்டை மாதிரியே இருக்கு" என்றார்.

அவர் வளர்ந்தது பல்லாவரத்தில். அந்த மலைக்கல் கருநீலச் சாம்பல் நிறம். சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் என்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கல் வெட்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கினால் குட்டை. அடி தெரியாது, ஆழமும் தெரியாது. 1970-களில் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியப்பாவும் கூட்டாளிகளும் அங்கேதான். ஒருநாள் குதித்த நாலு பேரில் மூன்று பேர் மேலே வந்தார்கள். பெரியவர்கள் ஓடிவந்து இருட்டும்வரை முங்கி முங்கித் தேடினார்களாம். "கடைசியில கெடச்சது எங்க தெரியுமா? நாங்க உக்காந்திருந்த பாறைக்கு நேர் கீழ. நாலு முழம்கூட இல்ல. நான் அந்தப் பாறையிலதான் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

எங்கள் யாருக்கும் அவர் இதைச் சொன்னதே இல்லை. பெரியம்மாவுக்கும் தெரியாது. அண்ணன் ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் கலர் முடிவாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடியிலும் சுவரிலும் வெள்ளைக்கு மிக நெருங்கிய வெளிர்நீலம். நீலச் சாயல் அதிகம் தேவையில்லை. தண்ணீரே சிவப்பை விழுங்கி நீலத்தை விட்டுவைக்கும், வெள்ளைத் தொட்டியில்கூட லேசாக நீலம் காட்டும். படிக்கட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் கருநீலப் பட்டை, இல்லாவிட்டால் தண்ணீருக்குள் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கால் இடறும். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரிக் குளத்திலும் வெளிர் தளத்தில் அடர்த்தியான கோடுகள்தான். தண்ணீர் மட்டத்தில் ஒரு வரிசை மட்டும் அண்ணனுக்காகக் கருஞ்சாம்பல். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குதிக்கப் போகிறவர்களின் பிசுக்கு ஒட்டுவதும் அந்த வரிசையில்தான்.

கரைக்குக் கடப்பா கல் போடுவதாக இருந்தார்கள். மே மாத மதியத்தில் கறுப்புக் கல்லில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள் என்றேன். அது தானாகக் கழன்றது. இரும்புக்கறைக்கு போர் லைனில் ஒரு ஃபில்டர், இடுக்குக்கு எபாக்சி கிரவுட். அண்ணன் செலவைப் பார்த்து முனகினான்.

கலர் காவல் காக்காது என்பதால் சுற்றி 4 அடி வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு. கசிவு பார்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்று பாட்டி நின்றாள். மோட்டார் வைத்துத் தென்னைக்கும் வேம்புக்கும் பக்கத்துக் காலி மனைக்கும் இரண்டு நாள் பாய்ந்தது.

டைல்ஸ் ஒட்டி, நிரப்பி, அதே நாலு மணிக்கு அதே ஜல்லி மூட்டையை மறுபடி போட்டோம். தெரிந்தது, ஆனால் உடனே இல்லை. வெளிர்நீலத்தில் நீலம், கண் தேட வேண்டியிருந்தது. அண்ணியின் ஆரஞ்சு நிறத் துப்பட்டாவைச் சுற்றிப் போட்டபோது திண்ணையில் உட்காரும் முன்பே எல்லோரும் கையை நீட்டினார்கள். வாண்டின் நீல உடுப்பு அன்றைக்கே கரித்துணி ஆகிவிட்டது. தாம்பரத்தில் மூன்று கடை ஏறி இறங்கி ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கினோம். அளவு கொஞ்சம் பெரிசு, நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும்.