நாடி பார்க்கும் கரி

கொழும்புத் துறைமுகத்தின் வாயிலை அடுத்துக் கிடக்கும் கொச்சிக்கடைக்குக் கரி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் முதலாம் உலகப்போர் முடியும்வரை இலங்கைக் காரீயம் இத்துறைமுகத்தின் வழியாகவே மேனாடுகளுக்குச் சென்றது. சுரங்கத்திலிருந்து வந்த கட்டிகளைக் கொழும்புப் பண்டகசாலைகளிற் பெண்கள் உடைத்து, அரித்து, தரம் பிரித்தனர். பின்னர் அவை பீப்பாய்களில் அடைபட்டுக் கப்பலேறின. அமெரிக்காவின் டிக்சன் கம்பனியும் இலண்டனின் மோர்கன் கம்பனியும் அதனைக்கொண்டு உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்தன. இந்நாட்டவர்க்கு எஞ்சியது கூலியும் கையில் ஒட்டிய கருமையுமே.

அதே காபன் இன்று வேறொரு வடிவத்தில் மனிதத் தோலில் ஒட்டிக்கொள்ள முயல்கின்றது. 1991 ஆம் ஆண்டில் சுமியோ இஜிமா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி, இரு காரீயக் கோல்களுக்கிடையே மின்வில் எரித்துப் பெற்ற படிவை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, நுண்ணிய குழாய்களைக் கண்டார். காபன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய தாளைச் சுருட்டினாற் போன்றவை அவை. ஒற்றைச்சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நனோமீற்றர். தாள் எக்கோணத்திற் சுருண்டது என்பதைப் பொறுத்து அது உலோகம் போலவோ குறைகடத்தி போலவோ மின்னைக் கடத்தும். இங்கு ஒன்று கூறுதல் வேண்டும்: இன்று இக்குழாய்கள் பெரும்பாலும் மீதேன் முதலிய வாயுக்களிலிருந்தே ஆக்கப்படுகின்றன. ஆதலால், போகலையிலும் ககட்டகாவிலும் காரீயம் இருப்பதால் மட்டும் இத்தொழில் இலங்கைக்கு வந்து சேரும் என எண்ணுவது வீண் பெருமையாகும்.

இக்குழாய்களின் தேவையை விளங்கிக்கொள்ளக் கொச்சிக்கடை முதியவர் ஒருவரின் கதை உதவும். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் புறக்கோட்டையில் நாட்டாமையாக வண்டி தள்ளியவர் அவர். அறுபத்தெட்டு வயதில் ஒருநாள் ஜம்பட்டா வீதியில் நடக்கையில் நெஞ்சு படபடத்தது, கண் இருண்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிற்று. மகள் வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றாள். இதயத்தின் மின்வரைவு எடுக்கப்பட்டது. குறை எதுவும் தெரியவில்லை. இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. மூன்றாம் முறை அவர் இளம் பெண் வைத்தியரிடம், “பிள்ளை, வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பார்கள். இது ஆஸ்பத்திரிக்குப் போனால் போய்விடுகிற வருத்தமாயிருக்கிறது” என்றாராம். வைத்தியர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை.

நோயின் இயல்பை அம்முதியவர் சரியாகவே சொல்லிவிட்டார். இதயத்தின் சில தாளப் பிறழ்வுகள் வந்து மறைவன. மின்வரைவு காட்டுவதோ சில வினாடிகளை மட்டுமே. ஆகவே, இருபத்துநான்கு மணி நேரம் உடலில் அணிந்திருக்கும் ஹோல்டர் கருவியை அவருக்குப் பொருத்தினர். கம்பிகள், இடுப்பிற் பெட்டி, மார்பிற் பசைத் துண்டுகள். சித்திரை மாத வெயிலில், தகரக் கூரையின்கீழ், நள்ளிரவுக்கு முன்பே இரு துண்டுகள் வியர்வையிற் கழன்றுவிட்டன. எஞ்சிய இடங்களில் தோல் தடித்துச் சிவந்தது. பதிவு பயன்படவில்லை.

தோலின் மேற்பரப்பில் இதயத்தின் மின்சைகை 1 மில்லிவோற்று அளவினதே. அதனைப் பிடிக்க ஈரப்பசை தேவைப்படுகிறது. பசை காய்ந்தாற் சைகை கெடும். நனோகுழாய்களைச் சிலிக்கோன் இறப்பரிற் கலந்து ஆக்கிய மின்வாய் பசையின்றியே தோலின் மடிப்புகளோடு படிந்து கிடக்கக்கூடியது. இன்னுமொரு வசதி உண்டு. சிலிக்கன் சில்லு பளிங்கு போன்றது, வளைத்தால் உடையும், அதனை ஆக்கப் பிளாஸ்ரிக் தாங்காத வெப்பம் வேண்டும். நனோகுழாய்களையோ திரவத்திற் பரப்பி, மைபோல மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் அச்சிடலாம். சிக்கலான மீன்வலை போன்று படியும் அக்குழாய்கள், தாள் வளையும்போது ஒன்றன்மேலொன்று வழுக்கிச் சமாளிக்கின்றன. 2011 இல் ஜப்பானிய ஆய்வாளர் இத்தகைய படலம் ஒன்றைத் தன் நீளத்தின் 280 சதவீதம் வரை மேலும் நீட்டி அளந்து காட்டினர். மூச்சும் பேச்சும் விரலசைவுங்கூட அதில் மின்தடை மாற்றமாகப் பதிவாயின. வளையும் திரான்சிற்றரையும் அதே தாளில் அமைத்தால், சைகையை உடலின் மீதே பெருக்கிக்கொள்ளலாம்.

வியப்பு இவ்வளவில் நிற்கட்டும். கொவிட் காலத்தில் வீடுதோறும் பேசப்பட்ட ஒட்சிமானியை, விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் அச்சிறு கருவியை, எண்ணிப் பார்க்கலாம். 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஒட்சிசன் குறைந்திருப்பதை அக்கருவி தவறவிடுவது வெள்ளையரிலும் பார்க்கக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மும்மடங்கு என்று கண்டது. கருவி பொய் சொல்லவில்லை. அது பழகிய தோல் வேறு. காபன் மின்வாய் ஒளியைக் கொண்டு அளப்பதன்று. ஆயின் குளிரூட்டிய ஆய்வுகூடத்தில், வியர்க்காத உடலிற் சோதிக்கப்பட்ட ஒட்டு, துறைமுகக் காற்றின் உப்பிலும் ஈரத்திலும் எத்தனை நாள் நிற்கும் என்ற வினாவை எவரேனும் எழுப்பியே ஆகவேண்டும். நீண்ட, விறைப்பான பல்சுவர்க் குழாய்கள் எலிகளின் உடலிற் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்கின என்று 2008 இல் அறியப்பட்டதும் மறக்கத்தக்கதன்று. இறப்பரினுள் பொதிந்த குழாயால் அணிபவருக்கு வரும் ஆபத்து சிறிது. தூளைக் கையாளும் தொழிலாளியின் நுரையீரலே முதலிற் கவனிக்கத்தக்கது. காரீயம் அரித்த பெண்களின் மூச்சை அன்று எவர் அளந்தார்?

2008 இல் அரசும் தனியாரும் இணைந்து நிறுவிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் இன்று ஹோமாகமையில் இயங்குகின்றது. கொச்சிக்கடையிலிருந்து அது பஸ்ஸிற் செல்லக்கூடிய தூரந்தான். வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டுக்கேற்ற மின்வாயை ஆக்கிச் சோதிப்பது அத்தகைய கூடத்துக்கும் பல்கலைக்கழகப் பீடங்களுக்கும் இயலாத காரியமன்று. உலகை வெல்லும் கண்டுபிடிப்பிலும் அது சிறிய வேலை. அதனாலேயே எவரும் தொடாமற் கிடக்கின்றது போலும்.

முதியவர் இப்போது தனியே நடப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குப் பேரன் கூடப் போகிறான். தாத்தா நின்றால் நேரத்தைக் குறித்துவைக்கும்படி மகள் அவனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்திருக்கிறாள். ஹோல்டர் கருவியை மீண்டும் பொருத்த இன்னும் ஆறு வாரங்கள் உள்ளன.