ட்ரம்புக்கும் ஓம், 15 டொலருக்கும் ஓம்

ட்ரம்புக்கு வாக்குப் போட்ட ஆக்கள் எல்லாரும் விசரர் எண்டு எங்கட பச்சில அடிக்கடி ஒரு கதை வரும். அப்ப எனக்கு ஞாபகம் வாறது மிசூரி மாநிலம்தான். (அரசறிவியல் படிக்கிற வியாதி.)

2024 நவம்பரில் அங்கே ட்ரம்ப் சுலபமாக வென்றார். அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. குறைந்தபட்சச் சம்பளத்தை 2026இல் மணித்தியாலத்துக்கு 15 டொலர் ஆக்கி, சம்பளத்தோட சுகவீன லீவும் குடுக்கலாமா? நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ஓம் எண்டார்கள். 2020இல் புளோரிடாவிலும் அப்படித்தான். ட்ரம்பும் வென்றார், 15 டொலரும் வென்றது.

மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளமோ 2009இலிருந்து 7.25 டொலரிலேயே நிக்குது. டிப்ஸ் வாங்கிற வேலையாட்களுக்கு 2.13. அது 1991இல் வைத்த கணக்கு! 2021இல் செனட் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தும் 15 டொலர் அங்கே தோற்றது. அந்தக் கட்சிக்காரர் சிலரே எதிர்த்து வாக்களித்தார்கள். பிறகு தொழிலாளி ஏன் எங்களை விட்டிட்டுப் போறான் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?

அதுக்காகக் குடியரசுக் கட்சி அவனுக்கு நல்லது செய்தது எண்டில்லை. மிசூரியில் 2025 மே மாதம் தொடங்கிய சுகவீன லீவை, அந்தக் கட்சி பெரும்பான்மையாக இருந்த சட்டசபையே நீக்கியது. ஓகஸ்ட் 28ஓட லீவு முடிஞ்சுது. 15 டொலர் தப்பிச்சுது, ஆனால் விலைவாசியோட சேர்த்து அதைக் கூட்டுற ஏற்பாடும் போச்சு. காய்ச்சலோட வேலைக்குப் போற அந்த ஆளை விசரன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல.