உசிலம்பட்டிச் சேற்றில் எங்கள் வண்டிகள்!

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கோலம், பூசணிப்பூ, வெண்பொங்கல் என்று ஒரு தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். அந்த மாதத்தில் பிரயாணம் என்றால் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றுதான் யாருக்கும் ஞாபகம் ஓடும். "சேற்றில் வண்டி ஓட்டப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்! மாமியார் மட்டுமல்ல, ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் மாமனாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆனாலும் போய்த்தான் வந்தோம். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவுமாக ஒன்பது பெண்கள். வண்டிகள் ஏழு. நாலு டி.வி.எஸ். எக்ஸ்.எல்., இரண்டு ஸ்கூட்டர், காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தியின் மோட்டார் சைக்கிள் ஒன்று. எங்களில் மூத்தவரான பெரியம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. அவர் பின் சீட்டில்தான் வந்தார். ஆனால் வழி நெடுக உத்தரவு போட்டவர் அவர்தான்!

மதுரையிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை வழியாகச் செக்கானூரணி வரை நல்ல தார் ரோடு. நேரே போனால் கருமாத்தூர், அப்புறம் உசிலம்பட்டி. மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நாங்கள் நேரே போகவில்லை. வடக்கே திரும்பி விக்கிரமங்கலம் போனோம். அங்கே உண்டாங்கல் என்ற குன்றில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்துக்களும் சமண முனிவர்களின் கல் படுக்கைகளும் இருக்கின்றன. கும்பிட்டுவிட்டு, உசிலம்பட்டிப் பக்கமாக மாட்டு வண்டிப் பாதைகளில் இறங்கினோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் அந்தப் பாதையில்தான் மிச்சம் இருந்தது!

சேற்றிலும் ஜாதி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். செம்மண் சேறு வழுக்கும், ஆனால் விட்டுவிடும். கரிசல் சேறு அப்படியல்ல. அதிரசப் பாகு மாதிரி டயரில் ஒட்டிக்கொண்டு, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே சுற்ற விடாமல் நிறுத்திவிடும். பத்தடி போவதற்குள் இறங்கிக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த ஸ்கூட்டர்கள்தான் முதலில் சிக்கிக்கொண்டன. அவற்றின் சக்கரம் சின்னது. எக்ஸ்.எல்.லுக்குப் பதினாறு அங்குலச் சக்கரம், வண்டியும் லேசு. சிக்கினாலும் இரண்டு பேர் சேர்ந்து அலாக்காகத் தூக்கி வரப்பில் வைத்துவிடலாம். மதுரையில் அந்தக் காலத்திலேயே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் குடும்பக் கம்பெனி, 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டைக் கொண்டுவந்தது. எக்ஸ்.எல். அதன் வாரிசு. கிராமத்து ஜனங்கள் அதை விடாமல் வைத்திருப்பதன் ரகசியம் இந்தச் சேற்றில் இறங்கினால் விளங்கும்.

ஓர் ஓடைக்கரையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று யோசித்து நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு எக்ஸ்.எல். வந்தது. ஓட்டி வந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகி, மேலே ஆம்பளைச் சட்டை. முன்னால் ஈரத்துணி போர்த்திய மல்லிகைப் பை.

"அங்கிட்டுப் போகாதீகத்தா, தண்ணி நிக்குது. எம் பின்னாலேயே வாங்க" என்றார். எங்கள் ஏழு வண்டியும் அவர் வண்டித் தடத்திலேயே ஊர்ந்தன. நாங்கள் காலை ஊன்றி ஊன்றிப் போக, அவர் கால் ஒருமுறைகூடத் தரையில் படவில்லை! தார் ரோடு வந்ததும் நிறுத்தி, பூப்பையைச் சரிசெய்தபடி கொஞ்சம் பேசினார்.

"விடியுமுன்னே நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டுப் பறிக்கிறதுத்தா. மொட்டு விரிஞ்சிருச்சுன்னா வெலை போச்சு. முன்னெல்லாம் தலைச்சுமையா ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிப்பேன். இப்ப எம் மகதான் வண்டி ஓட்டப் படிச்சுக் குடுத்தா."

மார்கழிப் பனியில் மல்லிகை விளைச்சல் குறைந்து, விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். நாம் முழம் கணக்கில் வாங்கும்போது பூக்காரியோடு பேரம் பேசுகிறோம். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த மொட்டு வாசனை குறையாமல் சந்தைக்கு வந்து சேர, இப்படி ஒரு பெண் இருட்டிலும் சேற்றிலும் எத்தனை பாடுபடுகிறாள்!

அவர் "எம் மக" என்று சொன்ன தோரணை எனக்கு மறக்கவில்லை. உசிலம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்பது நமக்குத் தெரியும். 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை, இந்தப் பக்கத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி எழுதி நாட்டையே உலுக்கியது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பிறகு மதுரை மாவட்டத்துக்கும் விரிந்தது. 1994-ல் 'கருத்தம்மா' படம் வந்தபோது தியேட்டரில் அழாத தாய்மார் இல்லை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டமும் அதே 1994-ல் வந்ததுதான். வறுமையும் சீர்வரிசைப் பயமும் செய்த கொடுமையை ஓர் ஊரின் பெயரிலேயே எழுதிவிட்டோம். வேறு ஊர்களில் ஸ்கேன் அறைக்குள் சத்தமில்லாமல் நடந்ததை அவ்வளவு பேசவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அன்று அந்தப் பாதைகளில் எதிர்ப்பட்டவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. யூனிபாரத்தோடு சைக்கிளில் வந்த பெண் குழந்தைகள், பால் கேன் மாட்டிய மொபெட்டில் ஒரு மருமகள், அவள் பின்னால் மாமியார்! மகளைச் செலவு என்று நினைத்த காலம் உண்டு. இங்கே ஒரு தாய்க்கு மகள் வண்டி கற்றுக் கொடுத்திருக்கிறாள்.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, புதுக்கோட்டை மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அரசு மானியம் தந்தது. அந்தத் திட்டம் இப்போது நடப்பில் இல்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதுவும் பெரிய சௌகரியம்தான். ஆனால் பஸ் ரோட்டோடு நின்றுவிடுகிறதே! தோட்டத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் அந்த இரண்டு மைல் சேற்றுக்கு யார் பொறுப்பு? பிரசவ வலி எடுத்தவளும், பரீட்சைக்குப் போகிறவளும், பூப்பை சுமப்பவளும் அந்தச் சேற்றைத் தாண்டித்தானே ஆகவேண்டும்? பஞ்சாயத்துக் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பாதையைத்தான்.

சேற்றில் ஓட்டுவதை வீர விளையாட்டாகவும் செய்கிறார்கள். பெங்களூருப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே, கரடுமுரடான பாதைகளில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2019-ல் பெண்கள் பிரிவில் உலகக் கோப்பை வென்றார். இங்கிலாந்தில் பழைய வண்டிப் பாதைகளில் கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவது வெகுகாலப் பழக்கம். பாதைகள் பாழாகின்றன என்ற புகார் வலுத்து, 2006-ல் ஒரு சட்டத்தால் பல பாதைகளில் மோட்டார் வண்டிக்கே தடை வந்துவிட்டது. நமக்கு உல்லாசமாக இருக்கும் பாதை இன்னொருவருக்கு வயிற்றுப் பாடு. வரப்பை உடைக்காமல், விதைத்த நிலத்தில் ஏறாமல், மாடு வந்தால் நிறுத்தி வழிவிட்டுப் போனால் அடுத்த தடவையும் "வாங்கத்தா" என்பார்கள்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* சேற்றில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஒரே சீராக, மெதுவாக, முன்னே போன தடத்திலேயே செல்லுங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

* தண்ணீர் நிற்கும் இடத்தில் கம்பு விட்டு ஆழம் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

* பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியும் வரை முன்னவர் காத்திருக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில் வரட்டும்.

* சீமைக் கருவேல முள் எங்கும் கிடக்கும். பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் அவசியம்.

* காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். போய்வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்தால் சேற்றுப்புண் அண்டாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சிறு கீறலையும் அலட்சியம் செய்யக் கூடாது.

* தலையில் தெறித்த சேற்றுக்கு உசிலைப் பொடிதான் மருந்து! கொங்கு நாட்டில் அரப்பு என்பார்களே, அதேதான். உசில மரங்கள் நிறைந்திருந்ததால்தான் உசிலம்பட்டி என்று பெயர் வந்ததாம். எண்ணெய் தேய்த்து, இந்தப் பொடியைக் குழைத்துத் தேய்த்துக் குளித்துப் பாருங்கள். சேறும் போகும், உடம்பு அசதியும் போகும்!