பூனை எப்படி இறங்கும், ஐயா?

பள்ளி விடுமுறையிலும் பாடத்திட்டம், பயிற்சித்தாள் என்றே எழுதிக் கொண்டிருந்தால் எனக்கே சலிப்புத் தட்டுகிறது. ஆகவே, இம்முறை என் வீட்டுச் சுவரைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சுவரில் ஒன்பது பலகைகள் இருக்கின்றன. ஒன்பதும் பூனைகளுக்காக அறையப்பட்டவை. வீட்டிற்கு வரும் சக ஆசிரியர்கள் முதலில் அவற்றைப் புத்தக அடுக்கு என்று எண்ணி, புத்தகங்கள் எங்கே என்று கேட்பதுண்டு.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவன் செம்பன், இளையவள் மல்லி. கிள்ளானில் நாங்கள் தரை வீட்டில் இருந்த காலத்தில் வளர்த்த பூனை ஒன்று, வாசலுக்கு எதிரிலேயே வண்டியில் அடிபட்டு இறந்தது. அன்று என் தாயார் சோறு உண்ணவில்லை. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடிக்கு மாறினோம். சன்னல்களுக்கும் மாடத்துக்கும் கம்பி வலை போட்டோம். இனிப் பூனை வெளியே போகாது என்று முடிவாயிற்று. வெளியே விடவில்லை என்றால் வீட்டுக்குள் அதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மல்லி வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. அவளுக்கு விளையாட்டு, செம்பனுக்கு வேதனை. அவன் உறங்கினால் வாலைக் கடிப்பாள், தண்ணீர் குடிக்கப் போனால் பதுங்கியிருந்து பாய்வாள். அவன் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏறி அங்கேயே கிடந்தான். பூனைகளுக்கு நிலப்பரப்பைவிட உயரம் முக்கியம் என்பதை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே அவன் காட்டிக் கொடுத்தான். பூனை மருத்துவர்களின் இரு பன்னாட்டு அமைப்புகள் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வீட்டுப் பூனைக்கு வேண்டியவை என ஐந்து தூண்களைக் கூறுகின்றன. அவற்றில் முதலாவது ‘பாதுகாப்பான இடம்’. உணவுகூட அதற்குப் பிறகுதான்.

சரி, சுவரில் பலகை அடித்துக் கொடுப்போம் என்று இறங்கினேன். இது நடந்தது 2023-ஆம் ஆண்டில்.

ஆசிரியர் அல்லவா, எதையும் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. ஐந்தாம் ஆண்டு கணிதப் பாடத்தில் இதையே கணக்காக்கினேன். தரையிலிருந்து 45 சென்டிமீட்டரில் முதல் பலகை. ஒவ்வொரு பலகையும் முந்தையதைவிட 45 சென்டிமீட்டர் உயரம். ஐந்தாம் பலகையின் உயரம் என்ன? கரும்பலகையில் படியாக வரைந்தேன். எல்லாரும் 225 என்று எழுதினார்கள். பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தி, “பூனை எப்படி இறங்கும், ஐயா?” என்று கேட்டாள். “ஏறிய வழியாகத்தான்” என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் தலையைக் குனிந்து விடையை எழுதினாள்.

இனி பலகைக்கு வருவோம். இணையத்தில் அழகழகான பூனை அடுக்குகள் விற்கிறார்கள். துணித் தொட்டில், கயிற்றுப் பாலம், கண்ணாடிக் கிண்ணம் என்று பலவகை. சில பொருள்களுக்குத் ‘துளையிடத் தேவையில்லை, ஒட்டினால் போதும்’ என்று விளம்பரம் வேறு. ஒட்டும் வகையை நான் தொடவே இல்லை. பசை சுவரைப் பற்றுவதில்லை, சுவரின் வண்ணப்பூச்சைத்தான் பற்றுகிறது. நம் நாட்டுப் புழுக்கத்தில் அந்தப் பூச்சே ஒருநாள் தோலாக உரிந்து வந்துவிடும். அழுத்தித் தயாரித்த மரத்தூள் பலகையும் வேண்டாம் என்று விட்டேன். ஈரம் பட்டால் ஊதிவிடும், ஊதிய பலகையில் திருகாணி நிற்காது. ரப்பர் மரப் பலகையை வாங்கினேன். கனமானது, உறுதியானது, விலையும் மலிவு. பால் வற்றிய பிறகு வெட்டப்படும் மரங்கள்தாம் இப்படி மேசை நாற்காலிகளாகின்றன. பலகைகளை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது என் தாயார் ஒன்றை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். தோட்டத்தில் முப்பதாண்டு பால்மரம் சீவிய கை அது. “நான் சீவுனப்ப பால் குடுத்துச்சு. இப்ப பூனைக்குக் கட்டிலா போகுதா?” என்றார். அதில் வருத்தம் இருந்ததா, வேடிக்கை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வன்பொருள் கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “என்ன சுவர்?” நான், “சுவர்தான்” என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, செங்கல் சுவருக்கான நெகிழி உறைகளையும் திருகாணிகளையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் கூடத்தில் மூன்று பக்கம் செங்கல் சுவர். நான்காவது பக்கம், வீட்டின் முந்தைய உரிமையாளர் கூடத்தைப் பிரித்து ஓர் அறை எடுக்க எழுப்பிய ஜிப்சம் அட்டைத் தடுப்பு. வண்ணம் பூசிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நான்கு பலகைகள் செங்கல்லில் அமைந்தன. மூலை திரும்பி ஐந்தாவது பலகை, எல்லாவற்றிலும் உயரமானது, அட்டைச் சுவரில் அமைந்தது. துளையிடும்போது கத்தி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. செம்பன் உச்சிப் பலகைக்கு ஏறி அரசனைப் போல் அமர்ந்தான். பதினோராம் நாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். “காலையிலிருந்து அவன் இறங்கலைய்யா. இவ விடமாட்டேங்கிறா” என்றார். மல்லி இரண்டாம் பலகையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டாள். மேலே மூலை, அவனுக்கு வேறு போக்கில்லை. நான் பையை இறக்கி வைக்கும் நேரத்தில் மல்லி எழுந்து மேலே பாய்ந்தாள். அவன் ஐந்தரைக் கிலோ, அவள் நான்கு கிலோ. நிற்கும் பூனையின் எடை வேறு, பாய்ந்து வந்து இறங்கும் பூனையின் விசை வேறு. பின்னது எடையைப் போல் பல மடங்கு. உறைகள் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. பலகையோடு சேர்ந்து செம்பன் விழுந்தான்.

எலும்பு முறியவில்லை. முன்னங்கால் வீங்கியிருந்தது. ஆனால் மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தைக் காட்டி வேறொன்றைச் சொன்னார். இரண்டு முழங்கைகளிலும் மூட்டு தேய்ந்திருந்தது. முதிய பூனைகளிடம் இது அரிதன்று. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டுவதில்லை, முனகுவதில்லை. குதிப்பதைக் குறைத்துக் கொள்கிறது, அவ்வளவுதான். ஏறும்போது பின்னங்கால்கள் உந்துகின்றன. குதித்து இறங்கும்போது முழுச் சுமையும் முன்னங்கால்களில் விழுகிறது. நகங்களோ பின்னோக்கி வளைந்தவை. ஏறும்போது கொக்கியாகப் பற்றும், தலைகீழாக இறங்கும்போது பற்றாது. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் அவன் ஏறிவிட்டான். இறங்குவது ஒவ்வொரு முறையும் வலியாகவே இருந்திருக்கும்.

மறுநாள் கணித வேளையில் அந்த மாணவியை எழுப்பி, நடந்ததை வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். “உன் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, தவறு என்னுடையது” என்றேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. “செம்பனுக்கு வலிக்குதா, ஐயா?” என்றுதான் கேட்டாள். பிறகு அன்றைய பாடம் முழுவதும் இறங்கும் வழி வரைவதிலேயே போயிற்று. பாடத்திட்டம் ஒருநாள் பின்தங்கியது. பெற்றோர் மன்னிக்க.

இப்போதுள்ள அமைப்பு அந்த வரைபடங்களிலிருந்து பிறந்ததுதான். உயரத்தை 180 சென்டிமீட்டராகக் குறைத்தேன். படிக்குப் படி 30 சென்டிமீட்டர்; ஆறு பலகைகள் ஏறுகின்றன. உச்சியில் நீளமான ஏழாம் பலகை. இரண்டு பூனைகள் உரசாமல் ஒன்றையொன்று கடந்து போகலாம். மறுபக்கம் 150, 120 என இரண்டு பலகைகள் இறங்கி, 90 சென்டிமீட்டர் உயரமுள்ள என் புத்தக அலமாரியின் தலையில் முடிகின்றன. அங்கிருந்து தரைக்கு இரண்டு படிகள் கொண்ட சிறு மரப்படிக்கட்டு. மல்லி ஒருபுறம் மறித்தால் செம்பன் மறுபுறம் போய்விடுவான். பலகையின் அகலம் 30 சென்டிமீட்டர். படுக்கும் பலகை மட்டும் 40. மேலே வழுக்காத தரைவிரிப்புத் துண்டுகளைக் கெட்டியாக ஒட்டியிருக்கிறேன். மெருகிட்ட வெறும் மரத்தில் பூனைக்குப் பிடிமானம் கிடையாது.

ஒன்பதும் செங்கல் சுவரில்தான். சுண்ணப்பூச்சு இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். அது எடையைத் தாங்காது. அதைக் கடந்து திருகாணி செங்கல்லுக்குள் நான்கு சென்டிமீட்டராவது போக வேண்டும். துளையிலுள்ள தூளை ஊதி எடுத்த பிறகே உறையைச் செருக வேண்டும். அட்டைச் சுவர் மட்டுமே உள்ளவர்கள், அட்டைக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில்தான் திருகாணி ஏற்ற வேண்டும். விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தால் அங்கே வேண்டாம். மின்விசைக்கும் மின்செருகிக்கும் நேர் மேலே துளையிடவே கூடாது, உள்ளே கம்பி ஓடும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இடர்கள் மூன்று. முதலாவது கூரை மின்விசிறி. உச்சிப் பலகையிலிருந்து பாயும் பூனைக்கு அது எட்டக்கூடாது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி அமைத்தேன். இரண்டாவது சாமி மேடை. எங்கள் பழைய நான்காம் பலகையிலிருந்து காமாட்சி விளக்குக்கு ஒரே தாவல் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மூன்றாவது, அலமாரி மேல் படரவிடும் மணி பிளாண்ட். பூனை மென்றால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

செம்பன் மீண்டும் ஏற மூன்று வாரம் ஆயிற்று. தூக்கி வைக்கக்கூடாது என்று தாயாரிடம் சொல்லியிருந்தேன். அவர் முதல் பலகையில் நெத்திலிக் கருவாட்டுத் தலையை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் அமர்ந்திருந்தார். உப்பு ஆகாது என்று சொன்னால் கேட்கவா போகிறார்? இருபத்திரண்டாம் நாள் அவன் உச்சிக்குப் போய், மறுபக்கம் இறங்கி, அலமாரித் தலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தான். பிறகு படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்துத் தரைக்கு வந்தான்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவள் வரைந்த தாள் என் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அதில் பூனைக்கு ஐந்து கால்கள். ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் திருகாணிகளை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது வழக்கம். இந்த விடுமுறையில் ஏழாம் பலகையின் இடப்பக்கத் தாங்கி சற்றுத் தளர்ந்திருக்கிறது. நாளை அதைச் சரிசெய்ய வேண்டும்.