கட்டிங்கில் போன கையெழுத்து

"எவ்வளவு நேரம் நின்ன?"

"மூணு மணி நேரம்ப்பா."

"படம் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாரு?"

"பதினஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அதுக்கு அவருக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

அப்பா இந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2019 ஜனவரியில், பிரான்ஸின் அங்குலேம் நகரத்தில், காமிக்ஸ் விழாக் கூடாரத்துக்கு வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். கை விறைத்துப்போயிருந்தது. "ஒண்ணும் குடுக்க மாட்டாங்கப்பா. இது சும்மா. புக்கு வாங்குனவங்களுக்குப் போட்டுத் தர்றது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "அங்கயுமா?" என்றார்.

எங்கள் ஊர் சிவகாசி. அப்பா அட்டைப்பட ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், நோட்டு அட்டை, மாத நாவல் அட்டை, இடையிடையே சில சின்ன காமிக்ஸ் கம்பெனிகளுக்கு அட்டை என்று எது வந்தாலும் போடுவார். போஸ்டர் கலர்தான். பார்ட்டி சாயங்காலம் வந்து கதையை நாலு வரியில் சொல்லிவிட்டுப் போவார், காலையில் படம் ரெடியாக இருக்க வேண்டும். குதிரைமேல் ஒருவன், பின்னால் தீ, ஓரத்தில் பயந்த ஒரு பெண் முகம். கதைக்குள் குதிரையே இருக்காது. அது அப்பாவின் பிரச்சினை இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அட்டைக்கு 200 ரூபாய் வாங்கினார் என்று ஞாபகம், அதையும் மூன்று தவணையில்.

வீட்டில் பழைய லயன், முத்து காமிக்ஸ் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அப்பா கதைக்காக வாங்கியதில்லை. மடக்கிய முழங்கையில் சட்டை எப்படிச் சுருங்குகிறது, குதிரை திரும்பும்போது எந்தக் கால் முன்னால் வருகிறது என்று பார்ப்பதற்காக வாங்கியவை. அவருக்கு ரொம்பப் பிடித்தது கேப்டன் டைகர். 'தங்கக் கல்லறை'யை அவர் எத்தனை தடவை புரட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது. பாறைகளை ஒரு நகக்கண் அளவுக்குக்கூட விடாமல் இழைத்திருப்பதைக் காட்டி, "இவன் பாறை ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துட்டு வந்து போட்டிருக்கான் பாப்பா" என்பார். கட்டத்தின் ஓரத்தில் 'கிர்' என்று இருக்கும் மூன்றெழுத்துக் கையெழுத்தை அவர்தான் எனக்குக் காட்டினார். எங்கள் வீட்டில் அந்த ஓவியரின் பெயர் கிர். "கிரு இத எப்படிப் போட்டிருப்பான் பாரு" என்று உறவுக்காரரைப் போலச் சொல்வார்.

அந்தக் கிர் யார் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ழான் ஜிரோ. கேப்டன் டைகரின் பிரெஞ்சுப் பெயர் புளூபெர்ரி. ஷார்லியே எழுத, 1963இல் பிலோத் பத்திரிகையில் தொடங்கிய கதை. நாயகன் முகத்தை முதலில் நடிகர் பெல்மாண்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். போகப் போக அந்த முகத்துக்கு வயதும் அழுக்கும் ஏறி, நடிகர் மறைந்துவிடுவார். பதின்வயதில் அம்மாவோடு மெக்சிகோவில் சில மாதங்கள் இருந்து பாலைவனத்தைப் பார்த்தவர் ஜிரோ. பாறையைத் தொட்டுப் பார்த்தவன் என்று அப்பா சொன்னது கிட்டத்தட்ட நிஜம். இதே மனிதர்தான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில், பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, 1975 முதல் மெத்தல் உர்லானில் 'அர்ஸாக்' போன்ற கனவுகளை வரைந்தவர் என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கை ஒண்ணுதான். ஆனா இது சொந்தத்துக்குப் போட்டது, அது பார்ட்டிக்குப் போட்டது" என்றார். எனக்கு அது முழுக்கச் சரியென்று படவில்லை. பார்ட்டிக்குப் போட்டதில்தான் அந்தப் பாறைகள் இருக்கின்றன.

மேற்படிப்புக்குப் புவாத்தியே போனேன். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அங்குலேம். ஜிரோ 2012 மார்ச்சிலேயே இறந்துவிட்டார். இருந்தாலும் 1981இல் அவருக்குப் பெரும் பரிசு கொடுத்த ஊரை ஒருதடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று போனேன். ரயிலடி கீழே, பழைய ஊர் மேலே மேட்டில். ஏறிப்போனால் தெருப்பெயர்ப் பலகைகள் காமிக்ஸ் பேச்சுக்குமிழி வடிவத்தில் இருக்கின்றன. வீட்டுச் சுவர்களில் ஆளுயரத்துக்கு மேல் படங்கள். சாரான்த் ஆற்றுப் பாலத்தில் கோர்ட்டோ மால்டீஸ் சிலை. ஒருகாலத்தில் இது காகித ஆலைகளின் ஊராம். காகித ஊர் எனக்குப் புதிதில்லை. ஆனால் சிவகாசியில் ஒரு ஆர்ட்டிஸ்ட் பெயரில் சந்துகூடக் கிடையாது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜுவின் சாமி படங்கள் எங்கள் ஊர் அச்சகங்களிலிருந்துதான் பாதித் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. அவர் பெயருக்கே இந்தக் கதிதான்.

பெரிய பெரிய கூடாரங்கள். அவற்றுக்கும் 'குமிழி' என்றுதான் பெயர். உள்ளே பதிப்பகக் கடைகள், ஒவ்வொன்றிலும் மேசைக்குப் பின்னால் ஓவியர்கள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நம் முறை வரும்போது முதல் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து நீட்டினால் படம் போட்டுக் கையெழுத்திட்டுத் தருவார். இதற்கு தெதிகாஸ் என்று பெயர். காலையில் உட்காரும் மனிதர் சாயங்காலம் வரை ஒரே குதிரையை, ஒரே முகத்தை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். எனக்கு முன்னால் நின்றவர் சக்கரப் பெட்டியோடு வந்திருந்தார், பெட்டி நிறையப் புத்தகங்கள். அவற்றில் பாதி அடுத்த வாரமே இணையத்தில் ஏலத்துக்கு வரும் என்று பின்னால் நின்ற பையன் காதில் சொன்னான்.

நான் நின்றது வெஸ்டர்ன் கதைகள் வரையும் ஒரு பெரியவருக்காக. அவர் பெயர் இங்கே வேண்டாம். பெரிய புகழ் இல்லாதவர், அதனால்தான் வெறும் மூன்று மணி நேரம். கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பென்சில் வைக்கவில்லை, நேராகப் பிரஷ். தொப்பியின் விளிம்பில் தொடங்கினார். ஒரு கோடு, அதிலிருந்தே நெற்றி, மூக்கு. மை காய்வதற்குள் விரலால் தேய்த்துக் கன்னத்து நிழல். கலைக்கூடத்தில் தொங்கும் படம் முடிந்துபோன படம். இங்கே ஒரு மனிதர் எந்தக் கோட்டை எங்கே தயங்கினார் என்பதுவரை தெரிகிறது. அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று சின்ன வயதில் பார்த்தது நினைவுக்கு வந்து தொண்டையை அடைத்துவிட்டது.

யார் பெயருக்கு என்று கேட்டார். அப்பாவின் பெயரைத் தமிழில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சிரித்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதவில்லை, வரைந்தார். பெயரில் ஒரு 'ழ' உண்டு. அதை வாலில் தொடங்கி மேலே கொண்டுபோனார். அப்பாவும் அட்டைப்பட ஓவியர் என்று என் அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்படியா! படங்கள் இருக்கிறதா? ஒரிஜினல் எல்லாம் எங்கே வைத்திருக்கிறார்?"

ஒரு சக தொழிலாளி கேட்கக்கூடிய முதல் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. போனில் தேடி ஒரு பட்டாசு லேபிளின் போட்டோவைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். புலியின் மீசையை விரலால் தொட்டு, நல்ல பிரஷ் என்றார்.

ஒரிஜினல் ஒன்றுமில்லை. அது வீட்டைவிட்டுப் போனால் போனதுதான். பிரஸ்ஸில் கேமரா செக்‌ஷனில் நெகட்டிவ் எடுத்ததும் அதன் வேலை முடிந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது பாக்கி வாங்க அப்பாவோடு ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். மெஷினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் ஒரு அட்டை விரித்திருந்தது. ராத்திரி இரண்டு மணி வரை அப்பா போட்ட குதிரை, எனக்கு அடையாளம் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. திரும்பும்போது கடையில் எனக்குப் பால்பன் வாங்கித் தந்தார்.

சின்ன ஊர், சின்னக் கம்பெனி, அதனால் இப்படி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் மார்வெலின் பாதி உலகத்தை வரைந்த ஜாக் கிர்பிக்கே எண்பதுகளில் தன் பக்கங்களைத் திரும்பக் கேட்டுச் சண்டை போட வேண்டியிருந்தது. மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்க ஒப்பந்தம், அவருக்கு மட்டும் நான்கு பக்கம். அதில் கையெழுத்துப் போட்டால் 88 பக்கங்கள் தருகிறோம் என்றார்கள். மற்ற ஓவியர்கள் சேர்ந்து குரல் கொடுத்து, 1987இல் ஏறத்தாழ 2000 பக்கங்கள் அவர் கைக்கு வந்தன. வரைந்ததில் அது சிறு பகுதிதான்.

அப்பாவின் "அங்கயுமா" மனதை அரித்ததால் ஊருக்கு ரயில் ஏறியதும் தேடிப் படித்தேன். பிரெஞ்சு காமிக்ஸ் படைப்பாளிகள் ஏறத்தாழ 1500 பேரிடம் எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 53 சதவீதம் பேரின் வருமானம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே. 36 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே, பெண்களில் பாதிப்பேர். அதற்கு முந்தைய வருடம் இதே அங்குலேமில், விழா நடந்துகொண்டிருக்கும்போதே, ஓவியர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போயிருக்கிறார்கள். நான் மேட்டுத் தெருவில் சுவர்ப்படங்களோடு செல்ஃபி எடுத்த ஊர்தான் அது. மடியில் அந்தப் புத்தகம் இருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரலும் அந்தப் பதினைந்து நிமிஷமும் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷமும் பொய்யில்லை. நமக்குப் பிடித்த வேலை என்பதால்தானே நம்மைச் சும்மா செய்ய வைக்க முடிகிறது.

அந்த வருடக் கோடையில் ஊருக்குப் போய்ப் புத்தகத்தை நீட்டினேன். அப்பா முதலில் பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்து மை எப்படி நின்றிருக்கிறது என்று பார்த்தார். "பென்சில் போடலயா? நல்ல கை." பிறகு தன் பெயருக்கு வந்தார். "'ழ'வ வாலுல இருந்து போட்டிருக்கான்" என்று சிரித்தார். அதைத் தானும் அப்படிப் போட்டுப் பார்த்தார், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், நாலைந்து தடவை.

அவர் பிரஷ்ஷைத் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. கோரல் டிரா வந்தது, போட்டோஷாப் வந்தது, பார்ட்டிகள் வருவது நின்றது. நான் இப்போது ஒவ்வொரு லீவுக்கும் மதுரை, விருதுநகர், சாத்தூர் பக்கம் பழைய புத்தகக் கடைகளிலும் பழைய பேப்பர்க் கடைகளிலும் தேடுகிறேன். இதுவரை பதினொரு அட்டைகள் கிடைத்திருக்கின்றன. பெயர் எதிலும் அச்சாகவில்லை. குதிரையின் பின்னங்கால், பெண்ணின் பயந்த கண், இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

போன மாதம் கிடைத்த ஒன்றில் மட்டும் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஏதோ கோடு. அப்பாவின் கையெழுத்தின் மேல்பாதி. மீதி கட்டிங் மெஷினில் போய்விட்டது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அரை இஞ்சு மேல தள்ளிப் போட்டிருக்கணும்" என்றார். "போயிரும்னு தெரிஞ்சேதான் அங்க போட்டிருக்கேன், பாரேன்."