தண்ணிக்குள்ள ஒரு கொய்யா மரம்

மீன் தொட்டின்னா கலர் கல்லு, வாய் திறந்து மூடுற பிளாஸ்டிக் சிப்பி, நாலு கோல்டு ஃபிஷ்... இப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அதை மாத்தினவர் தகாஷி அமானோ. ஜப்பான்காரர், புகைப்படக் கலைஞர். கல், மரத்துண்டு, செடி வச்சு தொட்டியையே ஒரு காடு மாதிரி ஆக்குற பாணியை உலகம் முழுக்கப் பரப்பினவர். 2015ல லிஸ்பன் ஓசியனேரியத்துல அவர் அமைச்ச தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அதே வருஷம் ஆகஸ்டுல இறந்துட்டார்.

நம்ம தொட்டி ரெண்டடி. 55 லிட்டர். அதாவது அவரோடதுல மூவாயிரத்துல ஒரு பங்கு (பி.காம். புத்தி, விடுங்க!).

இதுக்குள்ள ஒரு மரம் நிக்கணும்னு ஆசை. கடையில ட்ரிஃப்ட்வுட் விலை கேட்டேன். என் ஒரு மாசப் பாக்கெட் மணி. அப்பதான் மொட்டைமாடியில கிடந்த கொய்யாக்கிளை ஞாபகம் வந்துச்சு. தாத்தா வச்ச மரம் அது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல்ல சாஞ்சுது. மரத்தை லாரியில ஏத்திட்டுப் போனப்போ, பாட்டி மட்டும் கவட்டை மாதிரி ஒரு கிளையைப் பிடிவாதமா எடுத்து வச்சாங்க. இப்ப அந்த வீட்டையே இடிச்சு ஃபிளாட் கட்டப் போறாங்க. கிளைக்கு அங்க இடம் கிடையாது.

நேராப் போய்க் கேட்டேன். "எரிக்காம எது வேணா பண்ணுடா"ன்னாங்க.

செய்முறை இதான் மக்களே. பச்சை மரம் ஆகாது, அழுகித் தண்ணியைக் கெடுக்கும். இது பல வருஷம் வெயில்ல காஞ்சது. பட்டையை உரிச்சு, அண்டாவுல வேகவச்சு, பக்கெட்ல ஊறப்போட்டேன். தண்ணி டீ கலர்ல மாறும். டானின்தான், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. தெளியுற வரைக்கும் மாத்திக்கிட்டே இருக்கணும்.

ஊறின பிறகும் மரம் மிதக்கும். அதனால கிரானைட் கடையில கழிச்சுப் போட்ட துண்டுல துளை போட்டு, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால அடியிலேர்ந்து முடுக்கினேன். சின்னக் கிளைகளை ஒட்ட ஃபெவிக்விக், கூடவே துளி பஞ்சு. பசை பட்டதும் பஞ்சு கல்லாயிடும். சூடாகிப் புகையும் வரும், விரல் ஜாக்கிரதை.

இலைக்கு ஜாவா மாஸ். நுனிகள்ல மெலிசாப் பரப்பிக் கறுப்பு நூலால கட்டணும். கனமா வச்சா வெளிச்சம் படாம அடிப்பாசி செத்துடும். முதல் வாரங்கள்ல மரத்து மேல வெள்ளையா வழவழன்னு ஒரு படலம் வரும், பயப்படாதீங்க. நத்தையும் இறாலும் தின்னு தீர்த்துடும்.

சொத்துன்னா வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கணும்னு கிளாஸ்ல சொல்றாங்க. இது நாளுக்கு நாள் பச்சை ஏறுது. எந்தக் கணக்குல எழுத?

பாட்டி இப்ப தினமும் தொட்டி முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துடுறாங்க. நேத்து கேட்டாங்க, "இது எப்படா காய்க்கும்?"

பாசி காய்க்காது பாட்டின்னு சொல்லிப் பாத்துட்டேன். நம்புற மாதிரி இல்ல.