பத்தாம் நாள் கேள்வி

சென்னையை ஒட்டிய ஊரப்பாக்கத்தில் நான் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் கையோடு வரும் கேள்வி: "இது தூக்க மாத்திரைதானே டாக்டர்? பழகிப்போயிடாதா?" இல்லை என்று புரியவைத்துவிடலாம். பத்தாம் நாள் வரும் கேள்வியில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது: "வயித்தைப் பிரட்டுது, மனசுல ஒரு மாத்தமும் தெரியல. நிறுத்திடட்டுமா?"

எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரை சில மணி நேரத்திலேயே செரட்டோனின்மீது வேலையைத் தொடங்கிவிடும். மனம் தெளியத்தான் வாரக்கணக்காகும். இடையில் என்ன நடக்கிறது? அதற்கு முதலில், நீடித்த அழுத்தம் மூளையை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்து அழுத்தத்துக்கு உள்ளாக்கிப் பார்த்தது. 2002-ல் வெளியான முடிவு இது: நினைவாற்றலுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவில் கிளைகள் பெருகின. "கேஸை அணைச்சேனான்னு ஞாபகமில்ல, ஆனா போன் அடிச்சாலே படபடங்குது" என்று ஒரே மூச்சில் சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த எலிகள் நினைவுக்கு வரும்.

மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் எலியின் ஹிப்போகேம்பஸில் புது நரம்பணுக்கள் கூடுதலாக உருவாவதை 2000-ல் யேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவை முதிர வாரங்கள் பிடிக்கும்; மனம் தெளியத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனிதர்களில்? 2003-ல் அமெரிக்காவில் யெவெட் ஷெலைன் குழு, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த 38 பெண்களை ஆராய்ந்தது. மருந்தில்லாமல் சோர்வில் கழிந்த நாள்கள் கூடக்கூட ஹிப்போகேம்பஸ் சிறுத்திருந்தது. மருந்தோடு கழிந்த நாள்களில் அந்தத் தொடர்பு இல்லை. மருந்துதான் மூளையைக் காத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லலாம்.

அதனால் பத்தாம் நாள் கேள்விக்கு என் பதில்: "குமட்டல் பெரும்பாலும் ரெண்டு வாரத்துல அடங்கிடும்மா. சாப்பிட்டுட்டுப் போடுங்க. மனசு தெளிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும்." முதல் வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குள் இருப்பவர்களிடம், சாகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்டுவிடுவேன். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டும். பிறகு படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

வீட்டுக் கடன் தவணையையும் சிறுசேரி ஐ.டி. கம்பெனி நைட் ஷிஃப்டையும் மாத்திரை குறைக்காது. நசுக்கும் பாரம் அப்படியே இருக்க மருந்து மட்டும் கொடுப்பது பாதி வைத்தியம். ஆகவே தூக்கம், கடன், வேலை நேரம் மூன்றையும் விசாரிக்காமல் சீட்டு எழுதுவதில்லை. தேவைப்பட்டால், பகல் ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறேன்.